எலுமிச்சங்காயோடு கார் பார்க்கப் போகாதீர்கள்

வணக்கம் உறவுகளே. மாங்குளம் சந்திக்குக் கொஞ்சம் தள்ளி, ஏ9 வீதி ஓரமாக ஒரு மர நிழலில் காரை விட்டுவிட்டுக் கதைக்கிறேன். இடைக்கிடை லொறிச் சத்தம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன காணொளியில் இந்த வேகன் ஆர் காரைக் காட்டினேன். அதிலிருந்து "அண்ணா, என்ன விலைக்கு எடுத்தீங்கள்?" என்று ஒரே கேள்வி. விலையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஏமாந்த கதையைச் சொல்கிறேன், அது உங்களுக்குப் பிரயோசனப்படும்.

எங்கள் ஊரில் கார் வாங்குவது என்றால் எப்படி? விடியப்புறம் ஐந்து மணிக்கு ஹயர் வான் பிடித்து, அம்மா, அக்கா, அத்தான், பிள்ளைகள் எல்லோருமாக ஏறிப் போவோம். நானும் அப்படித்தான் போனேன். கார் விற்கிற சேலுக்குள் கால் வைத்தபோது அம்மாவின் கையில் ஒரு பை. அதற்குள் தேங்காய், கற்பூரம், நாலு எலுமிச்சங்காய். அன்றைக்கு நல்ல நாள் என்று முதல் நாளே பார்த்து வைத்திருந்தார். சேல்காரர் சிரித்த முகத்தோடு வந்து "வாங்கோ அம்மா" என்றார். அவருடைய கண் பையில் ஒரு தரம் பட்டுத் திரும்பியதை நான் கண்டேன். கண்டும் விளங்கவில்லை. டயருக்கு வைக்கிற எலுமிச்சங்காயைக் கொண்டு வந்தவன் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகமாட்டான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் கதைத்த பேரமெல்லாம் சும்மா.

விலையில் ஐம்பதாயிரம் குறைத்தார். எனக்குப் பெரிய புழுகம். பிறகு லீசிங் பேப்பரில் கையெழுத்து வைக்கும் நேரம் ஒரு துண்டு வந்தது. டொக்கியுமென்ட் சார்ஜ் 45,000, லீசிங் சேர்விஸ் 60,000, சீட் கவர், ரிவேர்ஸ் கமரா, பொலிஷ் எல்லாம் சேர்த்து 80,000. மொத்தம் ஒரு இலட்சத்து எண்பத்தையாயிரம். கமரா நான் கேட்கவே இல்லை. அத்தான் என்னைப் பார்த்தார், நான் அம்மாவைப் பார்த்தேன், அம்மா மணிக்கூட்டைப் பார்த்தார். இராகுகாலம் தொடங்கப் போகிறதாம். கையெழுத்தை வைத்தேன்.

சரி, என்ன செய்திருக்க வேண்டும்? முதலில், காரின் விலையை மட்டும் கதைத்து முடிக்க வேண்டும். "மாதம் எவ்வளவு கட்டுவீங்கள்?" என்று அவர்கள் கேட்டால் பதில் சொல்லாதீர்கள். அந்தக் கேள்வியில்தான் முழு விளையாட்டும் இருக்கிறது. ஒரு கணக்கைக் காட்டுகிறேன், கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன், பாருங்கள்.

30 இலட்சம் லீசிங், ஐந்து வருடம், வட்டி 14 வீதம். மீதி முதலுக்கு மட்டும் வட்டி போடுகிற குறைந்துசெல்லும் முறையில் மாதத் தவணை ஏறக்குறைய 69,800. அதே 14 வீதத்தை முழு முதலுக்கும் ஐந்து வருடமும் போடுகிற பிளாட் முறையில் கணக்குப் பார்த்தால் மாதம் 85,000. இரண்டு பேரும் "14 வீதம்தான்" என்றே சொல்வார்கள், பொய் இல்லை. ஆனால் ஐந்து வருட முடிவில் வித்தியாசம் ஒன்பது இலட்சத்துக்கு மேல்.

இன்னொன்று, "தவணை கூடவா? குறைச்சுத் தாறன்" என்று ஏழு வருடமாக்குவார்கள். குறைந்துசெல்லும் முறையிலேயே மாதம் 56,200 ஆகிவிடும், கேட்க இனிப்பாக இருக்கும். மொத்தமாகக் கட்டுவது ஐந்தேகால் இலட்சத்துக்கு மேல் கூடும். அதனால் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "கடைசித் தவணை கட்டி முடிய என் கையால் மொத்தம் எவ்வளவு போயிருக்கும்?" பதிலை எழுதித் தரச் சொல்லுங்கள். இடையில் போகம் நல்லாய் விளைந்து காசு வந்தால் முன்கூட்டியே முடிக்கலாமா, அதற்கு என்ன கழிவு என்பதையும் அதே தாளில் கேளுங்கள். லீசிங்கைச் சேல்காரர் காட்டுகிற இடத்தில்தான் போட வேண்டும் என்று சட்டம் இல்லை. கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ இரண்டு மூன்று இடத்தில் முதலே கேட்டுவிட்டுப் போங்கள். இன்சூரன்ஸும் அப்படித்தான்.

கார் விலை ஏன் இப்படி ஏறி நிற்கிறது என்று கேட்கிறவர்களுக்கும் ஒரு சொல். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். அந்த ஐந்து வருடத்தில் ஓடின கார், புதிதாக எடுத்த விலையை விடக் கூடவாக விலை போனது. அந்தப் பழைய விலை இன்னும் கனபேரின் தலைக்குள் நிற்கிறது, விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும். ஆகவே ஒரே மொடல், ஒரே வருடம், இணையத்தில் பத்து விளம்பரமாவது பார்த்துவிட்டுப் போங்கள். பதியாத கார் என்றால் சொல்கிற விலைக்குள் வற் வரி, பதிவுச் செலவு எல்லாம் அடங்குமா என்று கேளுங்கள்.

யப்பானில் இருந்து வந்த கார் என்றால் அங்கே ஏலத்தில் விட்டபோது காரின் நிலையை எழுதின ஏலத் தாளைக் காட்டுவார்கள், ஒக்ஷன் ஷீட் என்று. 4, 4.5 என்று கிரேட் இருக்கும், ஆர் என்று இருந்தால் அடிபட்டுத் திருத்தினது. எழுத்து முழுக்க யப்பான் மொழி, யாரும் அச்சடித்துத் தரலாம். காரின் உடலில் பொறித்திருக்கிற சேசிஸ் இலக்கத்தை நீங்களே எழுதிக்கொண்டு வந்து, இணையத்தில் காசு கட்டிச் சரிபாருங்கள். கிலோமீற்றரை நம்பாதீர்கள். பிரேக் பெடலின் ரப்பரைப் பாருங்கள், அது தேய்ந்து வழுக்குகிறது, மீற்றரோ முப்பதாயிரம் காட்டுகிறது என்றால் விளங்கிக்கொள்ள வேண்டியதுதான். டயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும். இந்தா, என்னுடையதைக் காட்டுகிறேன்... 3219. 2019 ஆம் ஆண்டின் 32 ஆவது கிழமை செய்தது. "புது டயர் போட்டிருக்கு" என்று சொல்லி விலையைக் கூட்டித்தான் தந்தார்கள். நானே போன மாதம்தான் பார்த்தேன்.

ஓடின கார் என்றால் பதிவுப் புத்தகத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இன்னும் கிடக்கிறதா என்று பாருங்கள். முற்பணம் கொடுத்தால் பற்றுச்சீட்டு வேண்டும், லீசிங் கிடைக்காவிட்டால் காசு திரும்பும் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். தரமாட்டேன் என்றால் நுகர்வோர் அதிகார சபை இருக்கிறது, 1977 என்ற தொலைபேசி இலக்கம். கையில் பற்றுச்சீட்டு இல்லாமல் போன் எடுத்து என்ன சொல்வது? என் நிலைமை அதுதான்.

போன மாதம் மச்சான் கார் எடுத்தான். அவனை நான் வானில் போக விடவில்லை. தனியாக பஸ்ஸில் வவுனியாவுக்குப் போனான். கேட்ட விலை, சார்ஜுகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் வரிசையாக எழுதித் தரச் சொன்னான். "நாளைக்கு வேற ஆள் வந்து எடுத்திடும்" என்றார்களாம். "எடுக்கட்டும் அண்ணை" என்றுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டான். இரண்டு நாள் அவனுக்கு நித்திரை இல்லை, எனக்கும்தான். மூன்றாம் நாள் அவர்களே போன் எடுத்தார்கள். டொக்கியுமென்ட் சார்ஜ் வேண்டாமாம், விலையிலும் எழுபத்தையாயிரம் குறைக்கலாமாம்.

காசு கட்டி, திறப்பைக் கையில் வாங்கின பிறகு, வவுனியாச் சந்தைக்குப் போய்த்தான் எலுமிச்சங்காய் வாங்கினான்.