கிணற்றுக்காரரையும் கேளுங்கோ

(வாசிகசாலையில் பேசியதைச் சற்றுத் திருத்தி எழுதியது)

எல்லாருக்கும் வணக்கம். நாலு பக்கமும் கிணறு இருக்கிற ஊரில், மேசையில் எனக்குப் போத்தல் தண்ணீர் வைத்திருக்கிறீர்கள். சரி, அதிலிருந்தே தொடங்குவோம்.

2014, 2015 காலத்தில் எங்கட யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் பக்கம் வாளியை இழுத்தால் கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் மினுங்கியது, சனம் தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வண்டிக்குக் குடத்தோடு காத்து நின்றது. ஒரு குழு எண்ணெய் கலந்திருக்கு என்றது, இன்னொரு குழு ஆபத்தில்லை என்றது. இதைக் குடிக்கலாமா, பிள்ளையைக் குளிப்பாட்டலாமா என்று கேட்ட ஆச்சிமாருக்கு மட்டும் பதில் வரவில்லை. எங்களுக்கு வற்றாத ஆறு இல்லை, சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கிய மழைத் தண்ணீர்தான் எல்லாம். அந்தக் கல்லின் வெடிப்புக்கு வேலி, எல்லை தெரியாது.

விஞ்ஞான விசயத்தில் சனத்துக்கு என்ன தெரியும் என்று கேட்பவர்கள் உண்டு. 1976 இல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில், ஹார்வர்டில் மரபணுக்களை வெட்டி ஒட்டும் ஆராய்ச்சிக்கு ஆய்வுகூடம் அமைக்கப் போகிறார்கள் என்றதும் மேயர் ஆல்பிரட் வெலூச்சி நகரசபையில் வெளிப்படையாக விசாரணை வைத்தார். பிறகு ஆராய்ச்சியைக் கொஞ்சக் காலம் நிறுத்திவிட்டு, அந்தத் துறை தெரியாத ஊர்க்காரரைக் கொண்டே ஒரு குழு அமைத்தார்கள். அவர்கள் மாதக்கணக்கில் விஞ்ஞானிகளைக் குடைந்து குடைந்து கேட்டு, 1977 தொடக்கத்தில் ‘செய்யலாம், ஆனால் இன்னின்ன பாதுகாப்போடு’ என்றார்கள். அதையே நகரம் சட்டமாக்கியது. ஆராய்ச்சி செத்துப் போகவில்லை, இன்றைக்கு அந்த நகரம் உயிரித் தொழில்நுட்பக் கம்பனிகளால் நிரம்பி வழிகிறது.

இங்கே இலங்கையில் 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரென்று தடுத்தார்கள், தோட்டக்காரரைக் கேட்டா செய்தார்கள்? நவம்பருக்குள் பின்வாங்க வேண்டி வந்தது. பசளையால் கிணற்றில் நைத்திரேற்று என்ற உப்பு ஏறுவது உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வெங்காயம் வைப்பவரை விட்டுவிட்டு அதைக் குறைக்க முடியாது.

கொஞ்சக் காலத்துக்கு முன் ஒரு விளக்கக் கூட்டத்துக்குப் போனேன். (விளக்கக் கூட்டம் என்றால் முடிவெடுத்தபின் கூப்பிட்டுப் படம் காட்டுவது, தேத்தண்ணி நல்லாயிருக்கும்.) நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவன எல்லைக்குள் ஊர்த் தண்ணீர் இருக்கிறது என்று வரைபடம் போட்டார்கள். பின்வரிசையில் புகையிலைத் தோட்டக்காரர் ஒருவர் எழும்பினார். “தம்பி, இது எந்தக் கிணத்துத் தண்ணி? மாரி மழைக்கு முன்னம் அள்ளினதோ, பிறகோ?”

வரைபடம் போட்டவர் தாள்களைப் புரட்டினார். அந்த விபரம் தாளில் இல்லை.