கரண்ட் போனா மட்டும் எந்திரிக்கிற சர்வீஸ்: லினக்ஸ்ல செய்றது எப்படி?

வணக்கம் மக்களே, திருத்துறைப்பூண்டில இருந்து பேசுறேன். எங்க சித்தப்பா உரக்கடைல ஒரு பழைய லினக்ஸ் லேப்டாப், பில்லு பூரா அதுலதான், பேட்டரி 20 நிமிஷம் தாங்குனா பெருசு. கரண்ட் போன உடனே அன்னைக்கு கணக்க பென்டிரைவ்ல காப்பி எடுத்துடணும்னு, 5 செகண்டுக்கு ஒருக்கா சார்ஜர் இருக்கா இருக்கான்னு பாக்குற ஸ்கிரிப்ட் ஒண்ணு எழுதி ஓட விட்டேன். தப்பு. அது பேட்டரில ஓடும்போதும் சிபியுவ எழுப்பிக்கிட்டே கெடந்துச்சு.

மேட்டூர் ஜூன் 12 தொறந்தாலும் தண்ணி கல்லணை தாண்டி நம்ம வாய்க்காலுக்கு வர்ற வரைக்கும் யாரும் மடையில போய் உக்காந்திருக்க மாட்டோம்ல, சேதி வந்தாத்தான் மம்பட்டிய தூக்குவோம். லினக்ஸ்ல அந்த சேதி சொல்ற ஏற்பாடு ஏற்கனவே இருக்கு. சார்ஜர புடுங்குனா கர்னல், அதான் லினக்ஸோட அடி மையம், ஈவென்ட்னு ஒரு சேதி அனுப்பும். டிவைஸ் சேதிய கவனிக்கிற யுடெவ்ங்கிற புரோகிராம் அத வாங்கும். இந்த சேதி வந்தா இத செய்னு நம்ம ரூல் எழுதி வச்சிருந்தா, சிஸ்டம்டிகிட்ட (சர்வீஸ்னு சொல்ற பின்னணி வேலைகள ஓட்டுற புரோகிராம்) சொல்லி நம்ம சர்வீஸ கெளப்பும்.

[திரையில்: ஈவென்ட் வர்றத காட்டுற யுடெவ்அட்ம் மானிட்டர் கமாண்ட் ஓடுது, சார்ஜர புடுங்குறோம், வரி வருது]

பாத்தீங்களா, பவர் சப்ளைன்னு வருது, கூடவே சேஞ்ச்னு, அதாவது மாற்றம்னு, இருக்கு. அந்த சேஞ்ச்ங்கிற வார்த்தைய மறக்காதீங்க. நெறைய பேரு சர்வீஸ கெளப்ப சிஸ்டம்டி வான்ட்ஸ்னு ஒரு வரிய ரூல்ல போட்டுட்டு ஏன் ஓடலன்னு முழிக்கிறாங்க, நானும் ரெண்டு நாள் முழிச்சேன். அது டிவைஸ் புதுசா வந்து சேரும்போதுதான் சர்வீஸ கெளப்பும். பென்டிரைவ் சொருகுனா சரியா வேலை செய்யும், ஆனா சார்ஜர புடுங்குனாலும் அந்த அடாப்டர் டிவைஸ் கர்னல்ல அப்படியே இருக்கு, ஆன்லைன்ங்கிற மதிப்பு மட்டும் 1ல இருந்து 0 ஆகுது, அவ்ளோதான்.

அதனால ரூல்ல டைப் மெயின்ஸ் (கரண்ட் சார்ஜர்னு அர்த்தம்), ஆன்லைன் 0ன்னு ரெண்டையும் பொருத்திட்டு, கமாண்ட் ஓட்டுற ரன்ங்கிற இடத்துல சிஸ்டம்சிடிஎல் ஸ்டார்ட்டுன்னு (சிஸ்டம்டிக்கு உத்தரவு குடுக்குற கமாண்ட்) சர்வீஸ் பேர குடுங்க, வேலை முடியுற வரைக்கும் காத்திருக்காம இருக்க நோ பிளாக்கும் சேத்து. அடாப்டர் பேர வச்சு எழுதாதீங்க, ஒரு லேப்டாப்ல ஏசின்னு இருக்கும், இன்னொண்ணுல ஏடிபி1ன்னு இருக்கும். காப்பி எடுக்குற ஸ்கிரிப்ட நேரா ரன்லயே போட்டுடாதீங்க, யுடெவ் அந்த ஈவென்ட முடிச்சதும் அதையும் சேத்து கொன்னுடும், கணக்கு பாதியில நிக்கும்.

கரண்ட் வந்தப்புறம் ஓடுற பெரிய வேலைக்கு சர்வீஸ் ஃபைல்ல கண்டிஷன் ஏசி பவர் ட்ரூன்னு ஒரு வரி போதும், சார்ஜர் இல்லன்னா அது தொடங்கவே தொடங்காது.

இன்னொண்ணு. கடையில இன்வெர்ட்டர் இருந்து அந்த லைன்லயே சார்ஜர் சொருகிருந்தா கரண்ட் போனது லேப்டாப்புக்கு தெரியவே தெரியாது, ஈவென்டே வராது. சித்தப்பா கடைல இப்ப இன்வெர்ட்டர் போகாத பிளக்குலதான் சார்ஜர் இருக்கு.