ஹுவாங்ஷான்: மலையும் மலை பெற்ற ஊர்களும்

அன்புள்ள நேயர்களுக்கு வணக்கம்.

சீனாவின் கிழக்குப் பகுதியில், ஷாங்காய் நகரிலிருந்து அதிவேக ரயிலில் ஏறக்குறைய மூன்று மணி நேரத் தொலைவில், ஆன்ஹுய் மாகாணத்தின் தென்பகுதியில் ஹுவாங்ஷான் என்னும் கருங்கல் மலைத்தொகுதி நிற்கிறது. அதன் தென்மேற்கு அடிவாரத்தில், வெள்ளைச் சுவரும் கரிய ஓடுமாக நூற்றுக்கணக்கான ஆண்டுகள் பழைமையான ஊர்கள் இருக்கின்றன. மலை 1990-ஆம் ஆண்டிலும், ஷீதி, ஹொங்சுன் என்னும் இரண்டு ஊர்கள் 2000-ஆம் ஆண்டிலும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. இந்த மலைக்கும் ஊர்களுக்கும் ஒரு பயணத்தை எப்படித் திட்டமிடலாம் என்பதை, இரண்டு முறை அங்கே சென்று வந்தவன் என்ற முறையில் உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

முதலில் பெயரைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இதில் தடுமாறிப் பயணத்தின் முதல் நாளையே இழந்தவர்கள் பலர். ஹுவாங்ஷான் என்பது மலையின் பெயர். 1987-இல் அந்த வட்டாரம் முழுவதற்கும் ஹுவாங்ஷான் மாநகரம் என்று பெயரிட்டார்கள். அந்த மாநகருக்குள்ளேயே ஹுவாங்ஷான் மாவட்டம் என்று வேறொரு பகுதி, மலைக்கு வடக்கே இருக்கிறது. அதிவேக ரயில் வந்து நிற்கும் ஹுவாங்ஷான் வடக்கு நிலையமோ, மலையடிவாரத்தில் இல்லை. துன்சி என்னும் நகரத்தை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து மலையடிவாரச் சிற்றூரான தாங்கோவுக்குப் பேருந்தில் ஒரு மணி நேரமாவது ஆகும். ஆகவே விடுதி பதிவு செய்யும்போது 'ஹுவாங்ஷான்' என்ற சொல்லை மட்டும் நம்பாமல், துன்சியா, தாங்கோவா, மலை உச்சியா என்று பார்த்துப் பதிவு செய்யுங்கள்.

இந்தப் பெயர் மாற்றத்தில் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. அந்த வட்டாரத்துக்கு 1121-ஆம் ஆண்டு முதல் வழங்கிவந்த பெயர் ஹுய்ஜோ. ஆன்ஹுய் என்ற மாகாணப் பெயரின் பிற்பாதியே ஹுய்ஜோவிலிருந்து வந்ததுதான். சுற்றுலாவுக்காக மலையின் பெயர் முன்னே வந்து, எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் நின்ற பெயர் ஒரு சிறு மாவட்டத்தின் பெயராகச் சுருங்கிவிட்டது. ஆனால் ஹுய்ஜோ என்ற சொல்லை அறியாமல் அந்த ஊர்களைப் புரிந்துகொள்ள முடியாது.

ஹுய்ஜோ முழுவதும் மலை. உழுவதற்கு நிலம் குறைவு. 'முற்பிறவியில் புண்ணியம் செய்யாதவன் ஹுய்ஜோவில் பிறப்பான். பதின்மூன்று பதினான்கு வயதில் அவனை வெளியே எறிந்துவிடுவார்கள்' என்று அந்த மண்ணிலேயே ஒரு பழமொழி உண்டு. அப்படி வெளியேறிய சிறுவர்கள் கடைகளில் கையாளாகச் சேர்ந்து தொழில் கற்று, உப்பும் தேயிலையும் மரமும் விற்று, மிங், சிங் அரச மரபுகளின் காலத்தில் சீனாவின் பெரும் வணிகர்களாக வளர்ந்தார்கள். சம்பாதித்த பணம் ஊருக்குத் திரும்பி வீடாகவும், குலத்து முன்னோரை வணங்கும் குலக் கோயிலாகவும், பள்ளியாகவும், கல் தோரண வாயிலாகவும் எழுந்தது. மலை கைவிரித்ததால்தான் ஊர்கள் செழித்தன. இதனால்தான், நேரம் குறைவானவர்களுக்குக்கூட, மலையை முதலில் பாருங்கள், அதன் பிறகு ஊர்களுக்கு இறங்குங்கள் என்று சொல்கிறேன். விளைநிலம் இல்லாத அந்தச் செங்குத்தைக் கால் வலிக்க ஏறி இறங்கியவருக்கு, அடிவாரத்து மாளிகைகள் எங்கிருந்து வந்தன என்ற கேள்வி தானே எழும்.

என் முதல் பயணத்தில் நான் இதை அறியவில்லை. ஒரு பயண நிறுவனத்தின் குழுவோடு சென்றேன். மலைக்கு ஒரு பகல், ஹொங்சுன்னுக்கு இரண்டு மணி நேரம் என்று ஒதுக்கியிருந்தார்கள். மலையில் காலையிலிருந்து மழை. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத பனிமூட்டத்தில், முன்னே செல்பவரின் மழைக்கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு படி ஏறி, படி இறங்கினேன். ஹொங்சுன்னில் நண்பகல் கூட்டத்தில் ஒரு குளத்தைப் பார்த்ததாக நினைவு. திரும்பி வந்த பிறகு அந்தக் குளத்தின் கதையைப் படித்தபோது, எவ்வளவை விட்டுவிட்டு வந்தோம் என்று மனம் வெந்தது. இரண்டாம் முறை தனியாகத் திட்டமிட்டு ஐந்து நாட்களுக்குச் சென்றேன். அந்த ஐந்து நாள் கணக்கைத்தான் உங்களுக்கும் பரிந்துரைக்கிறேன்: மலைக்கு இரண்டு, ஊர்களுக்கு இரண்டு, எதற்கும் ஒதுக்காத ஒரு நாள்.

ஹுவாங்ஷானில் ஆண்டின் ஏறக்குறைய பாதி நாட்களில் மழையோ பனியோ பொழிகிறது. அந்த ஈரம்தான், மேகம் கீழே கடல்போல் பரந்து சிகரங்கள் மட்டும் தீவுகளாக மிதக்கும் 'மேகக் கடல்' காட்சியைத் தருகிறது. மழை ஓய்ந்த மறுநாள் காலையில் அது தோன்ற வாய்ப்பு அதிகம். எனவே மலை உச்சியில் ஓர் இரவு தங்குவது அவசியம். உச்சி விடுதிகளில் அறைக்கும் உணவுக்கும் விலை அதிகம்தான். ஆனால் அரிசி மூட்டையையும் எரிவாயு உருளையையும் மூங்கில் தண்டில் கட்டித் தோளில் சுமந்து ஆயிரக்கணக்கான படிகள் ஏறும் சுமைதூக்கிகளை வழியில் பார்த்தபின், அந்த விலையைப் பற்றிக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெரிய பெட்டிகளைத் தாங்கோவிலோ துன்சியிலோ விட்டுவிட்டு, முதுகுப் பை ஒன்றோடு மட்டும் ஏறுங்கள்.

ஏறுவதற்குக் கிழக்கே யுங்கு, தெற்கே யூபிங், வடக்கே தாய்பிங் என்று மூன்று ரோப் கார் வழிகள் உண்டு. யுங்கு வழியாக மேலே சென்று, வடகடல் என்று அழைக்கப்படும் பகுதியில் தங்கி, விடியலைப் பார்த்துவிட்டு, 1860 மீட்டர் உயரமுள்ள ஒளிச் சிகரத்தின் வழியாக நடந்து, யூபிங் பக்கம் இறங்குவது நல்ல வழி. அந்த வழியின் இறுதியில், பாறையிலிருந்து ஒரு பக்கமாகக் கை நீட்டியதுபோல் நிற்கும் 'விருந்தோம்பும் பைன்' மரம் வரும். ஹுவாங்ஷானின் பைன் மரங்கள் மண்ணை நம்பி வளர்பவை அல்ல. வேரிலிருந்து சுரக்கும் அமிலம் கருங்கல்லைச் சிறிது சிறிதாகக் கரைக்க, அந்த விரிசலில் மரம் காலூன்றுகிறது. விருந்தோம்பும் பைனுக்கென்றே காவலர் ஒருவர் மலையில் தங்கி, நாள்தோறும் அதன் கிளைகளையும் ஊசியிலைகளையும் பார்த்துக் குறிப்பெழுதுகிறார்.

மலையில் மிக உயர்ந்தது 1864 மீட்டர் உயரமுள்ள தாமரைச் சிகரம். அதையும், மிகச் செங்குத்தான தியான்து சிகரத்தையும், தாவரங்களும் படிகளும் மீண்டு வருவதற்காகச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றி மாற்றி மூடிவைப்பார்கள். மேற்குக் கடல் பள்ளத்தாக்குப் பாதையும் குளிர்கால மாதங்களில் மூடப்படும். ஒரு குறிப்பிட்ட சிகரத்தின் மேல் ஆசை வைத்துச் செல்பவர்கள் இதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். குளிர்காலத்தில் போகலாமா என்று கேட்பவர்களுக்கு நான் மிங் காலத்துப் பயணி ஷூ ஷியாகேயை நினைவூட்டுவேன். 1616-இல் அவர் பனி உறைந்த படிகளில் கைத்தடியால் ஒரு குழி தோண்டி முன்காலை வைத்து, மறு குழி தோண்டிப் பின்காலை எடுத்து வைத்து ஏறியதைத் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். இரண்டு ஆண்டுகள் கழித்து இலையுதிர் காலத்தில் திரும்பி வந்துதான் தியான்துவிலும் தாமரைச் சிகரத்திலும் ஏறினார். இன்று படிகள் செப்பமாக இருக்கின்றன, காலணியில் கட்டும் முள்பட்டைகள் கடைகளில் கிடைக்கின்றன. ஆனாலும் முதல் முறை செல்பவர்களுக்கு ஏப்ரலும், அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் வரையும்தான் ஏற்றவை. அக்டோபர் முதல் வாரத்துத் தேசிய விடுமுறையையும் மே தின விடுமுறையையும் கட்டாயம் தவிர்த்துவிடுங்கள்.

மலையிலிருந்து இறங்கிய மாலையே ஹொங்சுன்னுக்குச் சென்றுவிட வேண்டும். தாங்கோவிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரம்தான். ஊருக்குள்ளேயே, பழைய வீடுகளை விடுதியாக்கியிருக்கும் இடங்களில் இரவு தங்குங்கள். பகல் கூட்டம் போனபின் ஓடும் நீரின் ஒலி கேட்கும். அந்த ஒலிதான் ஹொங்சுன்.

1131-ஆம் ஆண்டில் வாங் குலத்தார் குடியேறிய ஊர் இது. ஊரைப் படுத்திருக்கும் எருதாக உருவகித்து அமைத்தார்கள் என்பார்கள்: மேற்கே உள்ள குன்று தலை, ஊர் வாயிலின் இரு முதிய மரங்கள் கொம்பு, பாலங்கள் கால்கள், வீட்டு வாசல் தோறும் வளைந்தோடும் வாய்க்கால் குடல், நடுவே பிறை வடிவக் குளம் இரைப்பை. மேற்கு ஓடையில் அணை கட்டித் திருப்பிய நீர், சரிவின் போக்கிலேயே எல்லா வாசலையும் தொட்டு, பிறைக் குளத்தில் தங்கி, 1607-இல் வெட்டி முடித்த தெற்கு ஏரியில் சேர்ந்து, அங்கிருந்து வயலுக்குப் போகிறது. தீயணைக்கவும், துவைக்கவும், வெப்பம் தணிக்கவும், பாசனத்துக்கும் ஒரே நீர். காலையில் முதலில் குடிநீர் மொள்வது, அதன் பிறகே துணி அலசுவது என்பது ஊர்க் கட்டுப்பாடாக இருந்தது.

பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தக் குளத்தை வெட்டும் பணியை முன்னின்று நடத்தியவர், குலத் தலைவர் வெளியூரில் அரசுப் பணியில் இருந்ததால், அவருடைய மனைவி ஹு சோங். பெண்களுக்கு இடமளிக்காத குலக் கோயில்களின் நாட்டில், ஹொங்சுன் குலக் கோயிலில் அவருடைய உருவப்படம் இருக்கிறது. குளக்கரையில் நிற்கும் அந்தக் கோயிலைப் பலர் படம் எடுத்துக்கொண்டு கடந்துவிடுகிறார்கள். தயவுசெய்து உள்ளே சென்று அந்தப் படத்தின் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். அடுத்து, 1855-இல் ஓர் உப்பு வணிகர் கட்டிய செங்ஜி மாளிகை. அதன் உத்தரத்தில் அரச விருந்தொன்றைச் செதுக்கியிருக்கிறார்கள்: சிலர் சதுரங்கம் ஆடுகிறார்கள், சிலர் யாழ் இசைக்கிறார்கள், ஒருவருக்குக் காது சுத்தம் செய்கிறார்கள், ஓர் ஆள் தேநீர் அடுப்புக்கு விசிறுகிறான்.

ஷீதி ஹு குலத்தாரின் ஊர். அதன் வாயிலில் 1578-இல் எழுப்பிய, 12 மீட்டருக்கும் உயர்ந்த கல் தோரணம் தனியாக நிற்கிறது. ஊருக்குள், 1691-இல் கட்டிய ஓர் அதிகாரியின் வீட்டைத் தேடிப் பாருங்கள். சந்து திரும்பும் இடத்தில் அதன் சுவரை உள்வாங்கி, மூலையைச் சீவிக் கட்டி, 'ஓர் அடி பின்வாங்கி எண்ணுக' என்று மேலே பொறித்திருக்கிறார்கள். பல்லக்கும் சுமையும் இடிக்காமல் போக, பதவியில் இருந்தவர் தன் மனையில் ஓர் அடியை விட்டுக்கொடுத்த இடம் அது. நேரம் மிஞ்சினால் ஷே மாவட்டத்தில் வரிசையாக நிற்கும் தாங்யுவே கல் தோரணங்கள் ஏழையும், துன்சியின் பழைய கடைத்தெருவையும் பார்க்கலாம். மை தேய்க்கும் கல் வாங்க அதுவே இடம்.

சில நடைமுறைச் செய்திகள். அதிவேக ரயில் சீட்டு 15 நாட்களுக்கு முன்புதான் விற்பனைக்கு வரும். கடவுச்சீட்டையே காட்டி ஏற வேண்டும். சிறு கடைகளிலும் கைபேசியில் பணம் செலுத்துவதே வழக்கம் என்பதால், அலிபே செயலியில் உங்கள் வங்கி அட்டையைப் புறப்படுமுன்பே இணைத்துச் சரிபாருங்கள். கூகுள் வரைபடம் அங்கே உதவாது. ஊர்களின் பெயர்களைச் சீன எழுத்தில் சேமித்து வைத்துக் காட்டினால் எந்த ஓட்டுநரும் கொண்டுபோய் விடுவார். சைவ உணவுக்காரர்கள் 'வோ ச்சர் சூ' என்று சொல்ல வேண்டும். மூங்கில் குருத்தும் கீரையும் தாராளமாகக் கிடைக்கும், ஆனால் பன்றிக் கொழுப்பில் சமைக்கும் பழக்கம் உண்டென்பதால் அதையும் தனியே சொல்லி விலக்க வேண்டும். வெண்பூஞ்சை படர்ந்த சோயாக் கட்டியைப் பொரித்துத் தருவது அந்த ஊரின் சிறப்பு உணவு, எனக்குப் பிடித்துப்போயிற்று.

எதற்கும் ஒதுக்காத அந்த ஐந்தாம் நாள், வானிலை கெட்டால் மலைக்குத் தருவதற்காக வைத்திருப்பது. இரண்டாம் பயணத்தில் மலை எனக்குத் தெளிவாகவே கிடைத்தது. மழை ஷீதியில் வந்தது. தங்கியிருந்த வீட்டின் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்த வீடுகளுக்கு வெளிச்சுவரில் சன்னல்கள் அரிது; நடுவே வானம் பார்த்த சிறு முற்றம் மட்டும். நான்கு கூரைகளும் உட்புறம் சரிந்திருப்பதால் பெய்யும் மழையெல்லாம் முற்றத்தில்தான் விழும். செல்வம் வெளியே போகாமல் வீட்டுக்குள் வரட்டும் என்பதற்காக இப்படிக் கட்டினார்களாம். கூடத்து மேசையில், வீட்டின் அமைதிக்காக என்று, நடுவே கடிகாரமும் இரு பக்கமும் பூச்சாடியும் கண்ணாடியும் இருந்தன. அவற்றின் சீனப் பெயர்களைச் சேர்த்துச் சொன்னால் 'வாழ்நாளெல்லாம் அமைதி' என்று ஒலிக்கும். வீட்டுக்கார அம்மா தேநீர் வைத்துவிட்டு, எனக்கு எதிரே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். நான்கு பக்கமும் ஓடுகளின் நுனியிலிருந்து நீர் கோடுகோடாக இறங்கிக் கல்தரையில் விழுந்து, வாய்க்கால் வழியே தெருவுக்குப் போவதை, மழை விடும்வரை இருவரும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வணக்கம்.