டை இருந்துவிட்டுப் போகட்டும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

அமெரிக்கக் கால்பந்தின் என்எஃப்எல் லீக்கில் ஆட்டங்கள் டை ஆவதை, அதாவது வெற்றி தோல்வி இல்லாமல் சமமாக முடிவதை, அடியோடு ஒழிக்க வேண்டுமா, வேண்டாமா என்பது இன்றைய கேள்வி. ஒழித்தே தீர வேண்டும் என்றார் எனக்கு முன் பேசிய நண்பர். மூன்று மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து பார்த்தவனை, யார் ஜெயித்தார்கள் என்று சொல்லாமல் வீட்டுக்கு அனுப்புவது நியாயமா என்று கேட்டார். கல்லூரிக் கால்பந்தில் முடிவு தெரியும்வரை ஆடுகிறார்களே, இவர்களுக்கு மட்டும் என்ன தடை என்றும் கேட்டார்.

பதில் சொல்கிறேன். அதற்கு முன் 2025 செப்டம்பர் 28 இரவை நினைத்துப் பாருங்கள். டெக்சாஸ் மாநிலம் ஆர்லிங்டனில் டல்லாஸ் கவ்பாய்ஸும் கிரீன் பே பேக்கர்ஸும் மோதுகிறார்கள். ஒரு மாதம் முன்புவரை டல்லாஸின் தூணாக இருந்த மைக்கா பார்சன்ஸ், இப்போது கிரீன் பே சட்டையில் எதிரே நிற்கிறார். நான்கு கால்பகுதி முடிந்தபோது 37-37. ஓவர்டைம் என்ற கூடுதல் நேரத்தில் டல்லாஸ் கம்பங்களுக்கு நடுவே ஒரு ஃபீல்டு கோல் உதைத்து மூன்று புள்ளி எடுத்தது. கடிகாரம் தீரும் நேரத்தில் கிரீன் பேயும் ஒன்று உதைத்தது. 40-40. நண்பரே, அன்று தோற்றது யார் என்று நீங்களே சொல்லுங்கள். என்னால் ஒருவரைக் கைகாட்ட முடியவில்லை. தராசு முள் நடுவில் நின்றால் எடை சமம் என்றுதானே பொருள்? முள் ஏதாவது ஒரு பக்கம் சாயட்டும் என்று தட்டை விரலால் அழுத்துகிறவரை நாம் வியாபாரி என்றா சொல்வோம்?

அப்படி அழுத்திய வரலாறு இந்த லீக்குக்கு உண்டு. 1974-இல் வழக்கமான சீசன் ஆட்டங்களுக்கும் ஓவர்டைம் வந்தது. யார் முதலில் புள்ளி எடுக்கிறாரோ அவர் ஜெயித்தார், அவ்வளவுதான். டைகள் குறைந்தன, உண்மை. ஆனால் என்ன விலை கொடுத்து? டாஸில் ஜெயித்தவர் பந்தை வாங்குவார், கொஞ்ச தூரம் நகர்த்துவார், ஃபீல்டு கோல் அடிப்பார், ஆட்டம் முடிந்துவிடும். எதிரணியின் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். 2010 ஜனவரியில், சூப்பர் பவுல் இறுதிப் போட்டிக்குப் போவது யார் என்ற ஆட்டத்தில், நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் மின்னசோட்டா வைக்கிங்ஸை 31-28 என்று இப்படித்தான் வென்றது. ஓவர்டைமில் மின்னசோட்டாவின் குவார்ட்டர்பேக் பிரெட் ஃபார்வின் கைக்குப் பந்து வரவே இல்லை.

அதற்குப் பிறகு விதியைத் திருத்தினார்கள். முதல் ஃபீல்டு கோலோடு ஆட்டம் முடியாது, பந்தை எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய் டச் டவுன் எடுத்தால்தான் முடியும் என்றார்கள். சரி, தீர்ந்ததா? 2022 ஜனவரி 23, கேன்சஸ் சிட்டி. கடைசி இரண்டு நிமிடத்தில் மட்டும் இரு அணிகளும் சேர்ந்து 25 புள்ளி எடுத்த ஆட்டம் அது. 13 நொடி மிச்சம் இருந்தபோது பஃபலோ பில்ஸ் மூன்று புள்ளி முன்னிலையில் இருந்தது. அந்த 13 நொடிக்குள் கேன்சஸ் சிட்டி சமன் செய்தது. அப்புறம் டாஸ். கேன்சஸ் சிட்டி பந்தை வாங்கி டச் டவுன் அடித்தது. 42-36. அன்று அவ்வளவு அருமையாக ஆடிய பஃபலோ குவார்ட்டர்பேக் ஜாஷ் ஆலன், பதிலுக்கு ஒரு முறைகூடப் பந்தைத் தொடாமல் வீட்டுக்குப் போனார். எனக்கு பஃபலோ சொந்த அணி இல்லை. ஆனாலும் அன்று மனசு ஆறவில்லை.

இன்றைக்கு இரு அணிக்கும் ஒரு முறையாவது பந்து கிடைத்தாக வேண்டும். 2022-இல் தோற்றவர் வெளியேறும் பிளேஆஃப் சுற்றுக்கும், 2025-இல் வழக்கமான சீசனுக்கும் இந்த விதி வந்துவிட்டது. எதிரணி கவனிக்க வேண்டிய இடம் இது. இருவருக்கும் வாய்ப்புக் கொடுத்தால் இருவரும் ஒரே அளவு புள்ளி எடுக்கவும் கூடும். நியாயமான விதி வேண்டும் என்றால், அதோடு சேர்ந்து எப்போதாவது ஒரு டையும் வரத்தான் செய்யும்.

நேரத்தை நீட்டலாமே என்பீர்கள். 2017-இல் வழக்கமான சீசனின் ஓவர்டைமை 15 நிமிடத்திலிருந்து 10 நிமிடமாகக் குறைத்ததே வீரர்களின் உடம்பை நினைத்துத்தான். ஞாயிறு ஆடியவன் சில வாரம் வியாழனே மறுபடி களத்தில் நிற்க வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்திலும் மோதி மோதி விழுகிறவர்கள் அவர்கள். நமக்கு ஒரு முடிவு தெரிய வேண்டும் என்பதற்காக அவர்களை இன்னும் இருபது நிமிடம் மோதவிட எனக்கு மனம் வரவில்லை.

கல்லூரி முறைக்கு வருகிறேன். 2018-இல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணி எல்எஸ்யூவை ஏழு ஓவர்டைம்களுக்குப் பிறகு 74-72 என்று வென்றது. பார்க்கப் பரபரப்புதான். ஆனால் அடுத்த ஆண்டே அந்த விதியை மாற்றினார்கள். இப்போது மூன்றாவது ஓவர்டைம் முதல் கோல் கோட்டுக்கு மூன்று யார்டு முன்னாலிருந்து ஆளுக்கு ஒரே ஒரு முயற்சி. 2021-இல் இல்லினாய் அணி பென் ஸ்டேட்டை 20-18 என்று வெல்ல அப்படி ஒன்பது ஓவர்டைம் ஆனது. நீண்ட மைதானம், உதை, பந்தை எங்கே விடுவது என்ற கணக்கு எல்லாம் போய்விட்டது. அறுபது நிமிடம் ஒரு விளையாட்டை ஆடிவிட்டு, முடிவை வேறு விளையாட்டில் எடுப்பதா?

பிளேஆஃபில் டை வேண்டாம் என்பதில் எங்களுக்கும் சண்டை இல்லை. அங்கே ஒருவர் வெளியேறியே ஆக வேண்டும். 1971 கிறிஸ்துமஸ் அன்று மயாமியும் கேன்சஸ் சிட்டியும் 82 நிமிடம் 40 நொடி ஆடினார்கள், சரிதான். ஆனால் வழக்கமான சீசன் 272 ஆட்டம். 2023, 2024 இரண்டு சீசனிலும் ஒரு டைகூட வரவில்லை. இதையா பெரிய நோய் என்று மருந்து தேடுகிறீர்கள்?

டையால் யாருக்கு என்ன பயன் என்று நண்பர் கேட்டார். 2021 நவம்பரில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ், அதுவரை ஒரு வெற்றியும் இல்லாத டெட்ராய்ட் லயன்ஸோடு 16-16 டை ஆனது. எல்லோரும் முகம் சுளித்த ஆட்டம். ஆனால் 1972 முதல் டை என்றால் பாதி வெற்றி, பாதி தோல்வி என்று கணக்கு. சீசனின் கடைசி இரவு, லாஸ் வேகஸில் ரெய்டர்ஸும் சார்ஜர்ஸும் ஓவர்டைமில் 32-32. அப்படியே டை ஆனால் இருவரும் பிளேஆஃபுக்குள், பிட்ஸ்பர்க் வெளியே. ரெய்டர்ஸ் பந்தை வைத்துக்கொண்டு கடிகாரத்தை ஓடவிடுகிறது. 38 நொடி இருக்கும்போது சார்ஜர்ஸ் கடிகாரத்தை நிறுத்தி டைம் அவுட் கேட்டது. அடுத்த ஓட்டத்தில் ரெய்டர்ஸ் பத்து யார்டு முன்னேறியது. பிறகு அவர்களின் டேனியல் கார்ல்சன் 47 யார்டிலிருந்து உதைத்தார். 35-32. சார்ஜர்ஸ் வெளியே போனது. நவம்பரில் கிடைத்த அந்த அரை வெற்றியோடு பிட்ஸ்பர்க் உள்ளே வந்தது.

டை என்ற ஒன்று விதியில் இல்லாமல் இருந்திருந்தால் அந்த 38 நொடியில் யாருடைய மூச்சும் நின்றிருக்காது, நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.