கறுப்புப் பெட்டியில் பேசிய கொரியா

தலைவர் அவர்களே, ஊடகத் துறை நண்பர்களே, வணக்கம்.

ஒரு தொலைக்காட்சி ஏன் மூடப்பட்டது என்று கேட்டால், பார்ப்பவர்கள் குறைந்தார்கள், விளம்பரம் வற்றியது, கடன் ஏறியது என்றுதான் வழக்கமாகப் பதில் வரும். பிலிப்பைன்ஸில் 2018 ஜூலையில் தொடங்கி 2020 ஜூன் 30 அன்று ஒளிபரப்பை நிறுத்திய 'ஏசியாநொவெலா சேனல்' அப்படி மூடப்பட்டதன்று. கொரியா முதலிய ஆசிய நாடுகளின் நாடகங்களை அந்நாட்டின் தகாலொக் மொழியில் பேசவைத்து நாள் முழுவதும் காட்டிவந்த அந்தச் சேனல், அதன் தாய் நிறுவனமான ஏபிஎஸ்-சிபிஎன் மீது வந்த தடையோடு சேர்ந்து போயிற்று.

அந்த நாட்டுக்கு அயல்நாட்டு நாடகம் புதிதன்று. 1996-இல் மெக்சிகோவின் 'மரிமார்' தகாலொக் பேசிக்கொண்டு வந்தபோதே மொழிமாற்றுத் தொடருக்கு மக்கள் பழகிவிட்டார்கள். 2003-இல் தைவானின் 'மீட்டியோர் கார்டன்' ஏபிஎஸ்-சிபிஎன்னில் பெரும் வெற்றி பெற, போட்டி நிறுவனமான ஜிஎம்ஏ கொரிய நாடகங்களை வாங்கிக் குவித்தது. குரலை மாற்றியதோடு அவர்கள் நின்றுவிடவில்லை, பெயரையும் மாற்றினார்கள். 'ஃபுல் ஹவுஸ்' தொடரின் கொரிய நாயகனும் நாயகியும் மணிலாவில் ஜஸ்டினும் ஜெஸ்ஸியும் ஆனார்கள். இதைக் கலப்படம் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. வேலை முடிந்து வந்து, ஒரு கண்ணை அடுப்பின்மேல் வைத்துக்கொண்டு நாடகம் பார்ப்பவர்களுக்கு வாயில் நுழையும் பெயரைக் கொடுத்தது நியாயம்தான் என்பது என் கருத்து. புதுயுகம் தொலைக்காட்சியில் கொரியர்கள் தமிழ் பேசக் கேட்டவர்களுக்கு, அயல் முகத்தில் நம் பேச்சு எவ்வளவு விரைவில் பொருந்திவிடுகிறது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

இந்தச் சேனல் யாருக்காக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2015-இல் ஏபிஎஸ்-சிபிஎன் 'டிவி பிளஸ்' என்ற சிறு கறுப்புப் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒருமுறை விலை கொடுத்து வாங்கி, ஆன்டெனாவைச் செருகிவிட்டால் மாதக் கட்டணம் கிடையாது. கேபிள் இணைப்புக்கும் இணையத்துக்கும் மாதந்தோறும் பணம் கட்ட முடியாத வீடுகளில் நாள் முழுக்க ஆசிய நாடகம் ஓடியது இந்தப் பெட்டியால்தான்.

இனி, அது நின்ற கதைக்கு வருகிறேன். பிலிப்பைன்ஸில் ஒளிபரப்பு நடத்த நாடாளுமன்றம் சட்டமாக இயற்றித் தரும் உரிமம் வேண்டும். 1995-இல் ஏபிஎஸ்-சிபிஎன்னுக்கு 25 ஆண்டுகளுக்குத் தரப்பட்ட உரிமம் 2020 மே 4 அன்று காலாவதியானது. மறுநாளே தேசியத் தொலைத்தொடர்பு ஆணையம் ஒளிபரப்பை நிறுத்தச் சொன்னது. அந்த நிறுவனத்தின் மீது அப்போதைய அதிபர் துதெர்தே வெளிப்படையாகவே காட்டிவந்த கோபத்தை நாடே அறியும். ஆயினும் கறுப்புப் பெட்டியின் சேனல்கள் மணிலா பெருநகரில் மேலும் சில வாரங்கள் உயிரோடிருந்தன. ஏனெனில் அவை வேறொரு நிறுவனத்தின் பெயரிலிருந்த 43-ஆம் அலைவரிசையில் ஏறிவந்தன. டிஜிட்டல் முறையில் ஒரே அலைவரிசை பல சேனல்களைச் சுமக்க முடியும் என்பது அதன் சிக்கனம். ஜூன் 30 அன்று அந்த ஓர் அலைவரிசைக்கு ஆணை வந்ததும் அத்தனை சேனல்களும் ஒன்றாக விழுந்தன என்பது அதன் ஆபத்து. நாடகங்களைக் காட்டிவந்த ஒரு சேனல், தாய் நிறுவனத்தின் செய்தி அறையின்மீதிருந்த பகைக்குப் பலியானது என்றே நான் இதைப் படிக்கிறேன். ஜூலை 10 அன்று நாடாளுமன்றக் குழு 70-க்கு 11 என்ற வாக்கில் புதிய உரிமத்தை மறுத்தபின் மீளும் வழியும் அடைபட்டது.

காலமும் பார்த்துக்கொள்ளுங்கள்: கொரோனா ஊரடங்கில் மக்கள் வீட்டுக்குள் இருந்த மாதங்கள் அவை. ஏபிஎஸ்-சிபிஎன் ஜூன் மாதமே 'கபாமில்யா சேனல்' என்ற பெயரில் கேபிளிலும் செயற்கைக்கோளிலும் மீண்டும் வந்தது. ஆனால் அது கட்டணம் கட்டுவோருக்கு. இலவசப் பெட்டி வீடுகளுக்கு அதே 2020-இல் ஜிஎம்ஏ தொடங்கிய 'ஹார்ட் ஆஃப் ஏசியா' என்ற ஆசிய நாடகச் சேனல் மாற்றாக அமைந்தது. நாடகப் பசிக்கு அது போதும். ஆனால் ஏபிஎஸ்-சிபிஎன் குரல் கொடுத்த பதிப்புகள் போட்டியாளரிடம் தாமாகப் போய்ச் சேர்வதில்லை. ஒளிபரப்பு உரிமை குறிப்பிட்ட காலத்துக்கே விற்கப்படுவதால், அந்தக் காலம் முடிந்துவிட்டால் குரல் கொடுத்த நிறுவனமே அவற்றைத் திரும்ப ஒளிபரப்ப முடியாது.