ஜூலையில் ஒரு சிவப்பு உள்ளான்

(வேதாரண்யம் பக்கம் ஒரு நூலக வாசகர் கூட்டத்தில், மே மாத மாலை ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

இந்தக் கத்திரி வெயிலில் பறவையைப் பற்றிக் கேட்க இத்தனை பேர் வந்திருப்பது எனக்கே ஆச்சரியம். மார்கழி என்றால் புரியும். வலசைப் பறவை பார்க்கக் கோடியக்கரைக்கு வேன் வேனாக ஆள் வருவது அப்போதுதான். மாசி முடிந்ததும் ‘சீசன் போயாச்சு’ என்று பைனாகுலரைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிடுவோம். நானும் பல வருஷம் அப்படித்தான் வைத்தேன்.

என்னைத் திருத்தியவர் உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு பெரியவர். “நல்லா கலர் ஏறி நிக்கிறப்ப வர மாட்டேங்கிறீங்களே சார்” என்றார். என்ன கலர் என்று பார்க்க ஏப்ரல் கடைசியில் போனேன். பாத்தி ஓரத்துச் சேற்றில் செங்கல் நிறத்தில் ஒரு கூட்டம் மேய்ந்துகொண்டிருந்தது. புது இனம் என்று நினைத்துப் புத்தகத்தைப் புரட்டோ புரட்டென்று புரட்டினேன். சிரிக்காதீர்கள். டிசம்பரில் சாம்பல் நிறத்தில் பார்த்துச் சலித்துப்போன அதே வளைமூக்கு உள்ளான் என்ற கரைப்பறவைதான் அது.

இந்த உள்ளான் முட்டையிடுவது சைபீரியாவின் வடகோடியில், இங்கிருந்து 7,000 கிலோமீட்டருக்கும் அப்பால். அங்கே கோடை கொஞ்ச நாள்தான். போய்ச் சேர்ந்த பிறகு அலங்காரம் பண்ண நேரம் கிடையாது. அதனால் நம் சேற்றில் பூச்சியும் புழுவும் தின்று, கொழுப்பேற்றி, கல்யாண உடுப்பையும் இங்கேயே போட்டுக்கொண்டு கிளம்புகிறது. மே நடுவில் பெரும்பாலானவை போய்விடும்.

எல்லாம் போவதில்லை. ஜூன் மாதம் போய்ப் பாருங்கள், சாம்பல் நிறத்திலேயே சில நின்றுகொண்டிருக்கும். பெரும்பாலும் போன வருஷம் பிறந்த குஞ்சுகள். ஒரு கல்லூரி மாணவர் என்னிடம் கேட்டார்: “அங்கிருந்து பறந்து வந்த குஞ்சுக்குத் திரும்பிப் போகத் தெரியாதா?” நல்ல கேள்வி. 2022இல் அலாஸ்காவில் பிறந்த மூக்கன் என்ற வேறொரு கரைப்பறவை ஒன்று, அதற்கு ஐந்து மாதம்தான் வயது, 13,560 கிலோமீட்டர் எங்கும் இறங்காமல் 11 நாளில் டாஸ்மேனியா போய்ச் சேர்ந்தது. ஆக, பறக்கத் திராணி இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் ஜோடி சேரும் பருவம் வரவில்லை. சில இனங்களில் முதல் வருஷத்து இறகு தேய்ந்து கந்தலாகவும் இருக்கும். போய் ஆகப்போவது ஒன்றுமில்லை, வழியில் சாகலாம். சரி, இங்கேயே இருந்துவிடுவோம் என்று இருந்துவிடுகின்றன.

இப்போது ஜூலை கடைசிக்கு வாருங்கள். அதே சேற்றில் ஒன்று சாம்பலாகவும் ஒன்று மங்கிய சிவப்பாகவும் பக்கத்தில் பக்கத்தில் மேயும். சாம்பல், போகாமலே இருந்தது. சிவப்பு, ஆர்க்டிக் வரைக்கும் போய்த் திரும்பியது! அதற்குள்ளா என்பீர்கள். வளைமூக்கு உள்ளானில் ஆணுக்கு அடைகாக்கும் வேலை கிடையாது. பெட்டை முட்டையில் உட்கார்ந்ததும் இவர் மூட்டை கட்டிவிடுவார். பெட்டை பிறகு வரும், குஞ்சுகள் கடைசியில் தாமாகவே வழி கண்டு வரும். இதையெல்லாம் ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ‘உள்ளான், 12’ என்று மட்டும் போட்டால் யாருக்குத் தெரியும்? நிறத்தையும் ஒரு வரி எழுதுங்கள். போட்டோ கூட அப்புறம்தான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆறுமணிக்குருவி, நம் ஊரில் தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள், இனப்பெருக்கத்துக்கு வடக்கே போகிற வழியில் ஏப்ரலில் எந்தக் கொல்லையிலும் இறங்கலாம். அது முதலில் வந்த நாளை எல்லோரும் குறிக்கிறார்கள். கடைசியாகக் கூவிய நாளையும் குறிக்க வேண்டும்.

சுடலைக்குயில் விஷயத்தில் எனக்கு ஒரு சண்டை உண்டு. வட இந்தியாவில் அது பருவமழையோடு ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறது, உண்மை. அதைப் படித்துவிட்டு இங்கேயும் மே மாதத்தில் ஒன்றைக் கண்டதும் ‘மழைத்தூதன் வந்துவிட்டான்’ என்று வாட்ஸப்பில் போடுகிறார்கள். தென்னிந்தியாவில் வருஷம் முழுவதும் இருக்கும் சுடலைக்குயிலும் உண்டு ஐயா! அது எங்கும் போகவில்லை, மழையையும் கூட்டி வரவில்லை.

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே கடலில் மணல் தீடைகள் இருக்கின்றன அல்லவா, அங்கே ஆலா என்ற கடற்பறவைகள் வெறும் மணலில் முட்டையிடுவதும் நாம் ‘ஆஃப் சீசன்’ என்று சொல்லும் காலத்தில்தான். இலங்கை தன் பக்கத் தீடைகளை 2015இல் தேசியப் பூங்காவாக அறிவித்தது. அப்புறம் தென்மேற்குக் காற்று ஓங்கி அடிக்கும் நாட்களில், நடுக்கடலிலேயே காலம் தள்ளும் கரும் ஆலா மாதிரிப் பறவைகள் களைத்துப்போய்க் கரையில் வந்து விழும். மீன்பிடிக்கிறவர்கள்தான் முதலில் பார்ப்பார்கள். அப்படி ஒன்று கிடைத்தால் கடலுக்குத் திரும்ப வீசாதீர்கள். காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில், நிழலில் வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்ற வேண்டாம், மூச்சடைத்துவிடும்.

ஜூலை கடைசி ஞாயிற்றுக்கிழமை உப்பளப் பக்கம் போகிறோம். காலை ஐந்தரைக்கு இந்த நூலக வாசலிலிருந்து வண்டி. ஆறு பேருக்கு இடமிருக்கிறது. தொப்பி, தண்ணீர், பழைய செருப்பு. சிவப்பு உள்ளானை முதலில் காட்டுகிறவருக்குத் திரும்பி வரும்போது டீ என் கணக்கு.