சில்வியாவின் கதையை யார் சொல்கிறார்கள்?

நண்பர்களே, ஆஸ்கர் மிஷோ எடுத்த ‘விதின் அவர் கேட்ஸ்’ 1920 ஜனவரியில் சிகாகோவில் வெளியான மௌனப் படம். பெரிய ஸ்டூடியோ எதுவும் பின்னால் இல்லை. கறுப்பின இயக்குநர் எடுத்து, இன்று நம் கைக்குக் கிடைக்கும் முழுநீளப் படங்களில் இதுதான் மிகப் பழையது. அதே ஊரில் இனக்கலவரம் நடந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. கும்பல் தூக்கிலிடும் காட்சிகளைப் பார்த்துத் தணிக்கைக்காரர்கள் பதறியதில் வியப்பில்லை.

நாயகி சில்வியா ஓர் ஆசிரியை. நடித்தவர் எவலின் பிரீர். அமெரிக்காவின் தெற்கில் உள்ள கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிக்கு 5,000 டாலர் திரட்ட பாஸ்டனுக்கு வருகிறாள். எலினா வார்விக் என்ற வெள்ளைக்காரச் சீமாட்டி உதவ நினைக்கிறார். தெற்கத்திச் சீமாட்டி ஒருத்தி குறுக்கே விழுகிறாள்: பள்ளிக்கு எதற்கு, நெட் என்ற பாதிரிக்கு 100 டாலர் கொடுத்தால் போதும் என்கிறாள். கறுப்பினப் பெண்களும் ஓட்டுப் போட்டுவிடுவார்களே என்று பெண்கள் வாக்குரிமையையே எதிர்ப்பவள் அவள். அமெரிக்கப் பெண்களின் வாக்குரிமைக்கான அரசியலமைப்புத் திருத்தம் அமலுக்கு வந்தது அதே ஆண்டு ஆகஸ்டில்தான். கடைசியில் வார்விக் தருவது 50,000 டாலர்.

படத்தொகுப்பைக் கூர்ந்து பாருங்கள். 1915இல் வந்த, வெள்ளை இனவெறியைப் போற்றும் ‘பர்த் ஆஃப் எ நேஷன்’ படம் காட்சிகளை மாறிமாறி வெட்டியது, வெள்ளைப் பெண்களை மீட்கக் குதிரைவீரர்கள் விரைவதைக் காட்ட. மிஷோ அதே உத்தியைத் தலைகீழாக்குகிறார். ஒரு பக்கம் சில்வியாவை வளர்த்தவர்களைக் கும்பல் கொல்கிறது. மறுபக்கம் வெள்ளைக்காரன் ஒருவன் அவளைப் பலாத்காரம் செய்ய முயல்கிறான். மீட்க யாரும் வருவதில்லை. அவள் மார்பிலுள்ள தழும்பைக் கண்டு, தன் மகள் என அறிந்துதான் அவன் நிற்கிறான். அவள் முறையான திருமணத்தில் பிறந்தவள் என்று, மௌனப் படத்தில் காட்சிகளுக்கு இடையே வரும் எழுத்து அட்டை சொல்கிறது. அதை வைத்து மட்டும் வாதம் கட்டாதீர்கள். படம் பிழைத்தது மாட்ரிட் ஆவணக் காப்பகத்தில் கிடைத்த ஸ்பானியப் பிரதியால். ஆங்கில அட்டைகளில் எஞ்சியவை நான்கே. மற்றவை ஸ்பானியத்திலிருந்து திரும்ப எழுதப்பட்டவை. நடுவில் ஒரு பகுதியே இல்லை.

என்னை உறுத்துவது வேறொன்று. இந்தக் கொடுமையைச் சில்வியா தன் வாயால் சொல்வதில்லை. சில்வியாவைக் காதலிக்கும் மருத்துவர் விவியனிடம் சொல்பவள் ஆல்மா; பொறாமையால் சூழ்ச்சி செய்து சில்வியாவின் நிச்சயதார்த்தத்தைக் குலைத்த அதே உறவுக்காரி. மெலோடிராமாவில் இவ்வளவு சிக்கலான துணைப்பாத்திரம் அன்று அபூர்வம். ஆனால் முடிவில் விவியன் தேசபக்தி உரை ஆற்றுகிறார், திருமணம் நடக்கிறது. படம் முழுக்க ஓடியாடிப் பணம் திரட்டியவள், அவர் பேசுவதைக் கேட்டபடி நிற்கிறாள்.